கௌசியின் நாடிக்கோடு

கௌசி கண்ணு,

நேற்று உன் டிபார்ட்மென்டில் அப்பா உன் மானத்தை வாங்கிவிட்டேன். உன் சிநேகிதி ஜெனி பேச்சின் நடுவில் தண்ணீர் குடித்தாள். முடிந்துவிட்டது என்று நினைத்து நான் மட்டும் பலமாகக் கைதட்டினேன். எல்லோரும் திரும்பினார்கள். நானும் யாரோ தட்டினதுபோல் திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

நீ முடிக்காமல் போன ஃபில்டரை, நாடிக்கோட்டில் நடுக்கத்தை வடிகட்டும் அந்தக் கணக்கை, ஜெனி முடித்துவிட்டாள். வகையீடு என்ற கணக்குச் சொல்லையே உன் வாயில்தான் கேட்டேன். நீயோ அரை வகையீடு எடுக்கப் போனாய். நாடித் துடிப்பை முழுதாக வகையிட்டால் விரல் நடுக்கம்கூட மலையாகத் தெரியும், விட்டுவிட்டால் உள்ளே இருக்கும் சின்ன மடிப்பு தெரியாது, அதனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு கணக்கு என்று தோசை சுட்டுக்கொண்டே சொன்னாய். "பழைய துடிப்பையும் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கிட்டுத்தான்ப்பா புதுசைக் கணக்குப் போடும்." அம்புட்டையுமா என்று கேட்டேன். மெஷினில் இடம் பத்தாது, ரொம்பத் தூரத்தில் இருப்பதை விட்டுவிடுவோம் என்றாய்.

திரையில் ஓடியது உன் நாடி. சோதனைக்கு நீயே விரலில் கிளிப் மாட்டிப் பதிந்ததாம். நீ போய் வருஷம் ஆகப்போகிறது, அங்கே துடித்துக்கொண்டிருந்தாய்.

பேச்சைக் கேட்க வந்திருந்த வெளியூர்ப் பேராசிரியர் நல்ல மனுஷர்தான், நீ போனது அவருக்குத் தெரியாது. இதே ஆளைக் கூப்பிட்டு இன்னொரு தடவை பதிந்து, ஒப்பிட்டுக் காட்டுங்கள் என்றார். ஜெனி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

வெளியே வந்து அழுதாள். "கௌசியோடதை எடுத்துட்டு வேற ஆளோடதை வைக்கணும்ப்பா. நீங்க வேணாம்னா வெளியிடாம இப்படியே விட்டுடுறேன்."

உன் கணக்கு வெளியே வரவேண்டுமானால் உன் நாடி அதில் இருக்கக் கூடாது. இதை நான் யாரிடம் கேட்பது? உன் அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

"என்னோடதை வையிம்மா" என்று விரலை நீட்டினேன். ஐம்பது வருஷம் பரோட்டா தின்ற நாடி, உன் ஃபில்டருக்கே பெரிய பரீட்சை. கையை ஆட்டாதீர்கள் என்றாள். ஆட்டவில்லை, அதுவாக ஆடுகிறது என்றேன்.

"இருக்கட்டும்ப்பா. கௌசி ஃபில்டர் அதைப் பாத்துக்கும்."

அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறாள். சிம்மக்கல் பைப் கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் போவேன். உன் பேரில் அது வெளியே வரும்வரை, எத்தனை தடவை கூப்பிட்டாலும் போய் உட்காருவேன். இது சத்தியம்.

ஜெனியிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. உனக்குப் பதிலா நான் என்று, நீ உள்ளே கிடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவிலும் கேட்டேன் கண்ணு. அங்கே யாரும் என்னை எடுத்துக்கொள்ளவில்லை.

உன்னைப் பெற்ற,
அப்பா