அட்டைகள் உறங்கும் மாதம்

குருவிநத்தம்,
செப்டம்பர் 14.

அன்புள்ளவருக்கு,

கஸ்தூரி எழுதுவது. இங்கே நாங்கள் நலம். நீங்கள் போனை எடுப்பதில்லை என்பதால், உங்கள் நலத்தை உங்களோடு அறையில் தங்கியிருக்கும் செல்லப்பனிடம் கேட்டுக்கொள்கிறேன்.

கொரியாவிலிருந்து உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. மூன்று பக்கமும் நீங்கள் வேலை பார்க்கும் பண்ணையின் கடல் அட்டைகளைப் பற்றித்தான். குளிர்காலம் முழுக்கச் சேற்றைத் தின்று உடம்பில் சேர்த்துவைக்கும். கோடை தொடங்கும்போது முட்டையிடும். நீர் சூடேறியதும் தீனியைத் தொடாமல் கல்லுக்கடியில் ஒதுங்கும். குடல் நூலாகச் சுருங்கும். சேர்த்ததைக் கரைத்தே மூன்று நான்கு மாதம் கிடக்கும். நீர் குளிர்ந்தால் குடல் மறுபடி வளரும்.

எல்லாம் புரிந்தது. உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

செல்லப்பன் சொன்னார். ஒரு வேளைதான் சாப்பாடாம். பெல்ட்டில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டிருக்கிறீர்களாம். ஞாயிற்றுக்கிழமை போர்வையை விட்டு எழுவதில்லையாம். ஜூனில் மாமா இறந்த செய்தி வந்ததிலிருந்து இப்படித்தானாம்.

அது அட்டைகள் முட்டையிடும் சமயம், முதலாளி லீவு தரவில்லை. இங்கே எல்லோருக்கும் தெரியும். உங்கள் தம்பி திலீப் கொள்ளி வைத்தான். ஆற்றங்கரையில் காரியம் முடிந்தது. அதற்கு முன், ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாமா பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிச் சிரித்தார்: "நெலத்தப் பாக்க ஆளில்ல, எம்புள்ள அங்க போயி அட்டைக்குச் சோறு வைக்கிறாம்பா." கோபமாகச் சொல்லவில்லை. நான் அருகில் இருந்தேன்.

நாற்று விட்டாயிற்று. மோட்டார் ஒருமுறை எரிந்தது, காயில் கட்டி மாட்டியாயிற்று. இந்த வருடம் நமக்குத் தீபாவளி இல்லை.

முதல் வருடம் அசையாத அட்டை ஒன்றைச் செத்தது என்று வாளியில் போட்டீர்கள். மேஸ்திரி அதை எடுத்து விரலால் தொட்டதும் சுருங்கியது என்று எழுதியிருந்தீர்கள். இந்தக் கடிதமும் அப்படி ஒரு விரல்தான்.

அக்டோபர் கடைசிவரை அவற்றுக்குத் தீனி வேண்டாம். இப்போது கேட்டால் முதலாளி லீவு தருவாராம். நீங்கள்தான் கேட்கவில்லையாம்.

நான் எழுத உட்கார்ந்ததைப் பார்த்து அத்தை வந்தார்கள். "அவன் வந்தா நான் அழமாட்டேன்னு எழுதும்மா" என்றார்கள்.

எழுதிவிட்டேன். அழுவார்கள். பரவாயில்லை, லீவு கேளுங்கள்.

உடம்பு தேறட்டும்.

கஸ்தூரி