பயிற்சியில் இருக்கும்வரை

6-2-95, திங்கள்
காலையிலிருந்து தூசிக் காற்று. கேண்டீன் ஓரமாக எனக்கு ஒரு மேசை. இன்று முதல் டைம் ஆபீஸில் வருகைக் கணக்கு பாதி, இது பாதி. மில்லில் ஸ்பின்னிங் பகுதியை மூடுகிறார்கள். ஆட்களின் சந்தேகங்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டுமாம். ஏன் நான்? மேனேஜர் சொன்னார், "நீங்க உட்கார்ந்தா சண்டைக்கு வரமாட்டாங்க பிலோமினா." அதுதான் காரணம்.

சொல்ல இருப்பது இரண்டே வழி. ஒன்று வி.ஓ., அதாவது விருப்ப ஓய்வு. கையெழுத்துப் போட்டு, கொடுப்பதை வாங்கிக்கொண்டு போவது. இல்லையென்றால் முதலிபாளையத்தில் தையல் பயிற்சி. முடியும்வரை மில் ஆள், அரைச் சம்பளம். தேறிவிட்டால் ஏதாவது பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிடுவார்கள். மில்லோடு உறவு முடிந்தது.

இன்று கேட்டவை:
– விருப்ப ஓய்வுங்கறீங்க, விருப்பமில்லீன்னா என்னுங்க பண்றது?
– என்ற வேலையைத் தம்பிக்கு மாத்திக் குடுப்பாங்களா?
– அம்மிணி, உங்க வேலை இருக்குதுங்களா?

கடைசிக் கேள்விக்குச் சிரித்து வைத்தேன். எனக்கே தெரியாது.

வீட்டில் சீமெண்ணெய் தீர்ந்துவிட்டது.

9-2-95, வியாழன்
ரங்கசாமி வந்தார். நூல் நூற்கிற ரிங் பிரேம் ஓட்டுகிறவர், சேவூர்ப் பக்கம். நான் வேலைக்குச் சேரும் முன்பே இங்கே இருப்பவர். கூட்டம் கலையும்வரை தள்ளி நின்றுவிட்டுக் கடைசியாக உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கோணுமுங்க அம்மிணி. நானு கையெழுத்துப் போட்டுட்டா இ.எஸ்.ஐ. அட்டை செல்லுங்களா?"

மனைவி பழனியம்மாளுக்கு இதயத்தில் வால்வு கெட்டிருக்கிறது. மெட்ராஸில் ஆபரேஷன். செலவு, சம்பளத்தில் பிடிக்கிற இ.எஸ்.ஐ. காப்பீடு பார்த்துக்கொள்ளும், ஆனால் முறை வர ஒரு வருஷம் போல ஆகுமாம்.

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். மேனேஜரிடம் கேட்டால், "செல்லும்னே சொல்லுங்க. அவர் போட்டாத்தான் அவர் பின்னால நிக்கறவங்க போடுவாங்க."

10-2-95, வெள்ளி
அரை நாள் லீவு போட்டு இ.எஸ்.ஐ. ஆபீஸுக்குப் போனேன். வேலை போனாலும் அட்டை சில மாதம் ஓடும். அப்புறம் நின்றுவிடும். ஒரு வருஷத்துக்குத் தாங்காது. பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குப் போகிறவர்களுக்கு அட்டை கொடுப்பதேயில்லை, அது ஊருக்கே தெரிந்தது.

சாயங்காலம் ரங்கசாமியிடம் அப்படியே சொன்னேன்.

"பயிற்சில இருக்கற வரைக்கும் நானு மில் ஆளுதானுங்களே?"

"ஆமாங்க."

"அப்ப என்ற பேரைப் பயிற்சிக்கு எழுதிக்குங்க."

மேனேஜர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

18-4-95, செவ்வாய்
அனல். போர் தண்ணீர் சிவப்பாக வருகிறது, பக்கத்தில் சாயப்பட்டறை.

பாதிப் பேருக்கு மேல் வி.ஓ.வில் போய்விட்டார்கள். மேசைக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். வருகிறவர்களும் கேட்பதில்லை, உட்கார்ந்து எழுந்து போகிறார்கள்.

ரங். தையல் சோதனையில் இரண்டாம் முறையும் தேறவில்லை. கூடப் போனவர்களில் பெரும்பாலோர் தேறிவிட்டார்கள். கேண்டீனில் சிரிப்பு. "ரங்கசாமி கழுத்தத் தைக்கச் சொன்னா கையத் தைக்கறானாம்."

12-5-95, வெள்ளி
மேனேஜர் என்னை முதலிபாளையத்துக்கு அனுப்பினார். ஒரு ஆளுக்கு எத்தனை மாதம் அரைச் சம்பளம் கொடுப்பது, பார்த்துவிட்டு வாருங்கள் என்று.

ஷெட்டுக்குள் அடுப்பு மாதிரி வெக்கை. வயசுப் பெண்கள் நடுவில் ரங்கசாமி, தலைமுடியில் நூல் பிசிறு. நான் வந்ததைக் கவனிக்கவில்லை. கழுத்துப்பட்டியை வளைத்து, ஒரே ஓட்டமாகத் தைத்து, கத்தரித்து, அடுத்ததை எடுத்தார். எனக்குத் தையல் தெரியும். அது கற்றுக்கொள்கிற ஆளின் கை இல்லை.

சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் திருநெல்வேலிக்காரர். அவருக்கும் குழப்பம். "முதல் மாசத்துலேர்ந்தே நல்லாத்தாம்மா தைக்காரு. சோதனை அன்னிக்கு மட்டும் பட்டியைத் திருப்பி வச்சிருதாரு. என்னன்னே தெரியல."

திரும்பும்போது பஸ் ஸ்டாப் வரை ரங்கசாமி கூட வந்தார்.

"தேறிட்டா கம்பெனிக்கு அனுப்பீருவீங்க. அங்க அட்டை இல்லீங்களே, அம்மிணி."

பஸ் வந்துவிட்டது.

மேனேஜரிடம், "கை இன்னும் பழகலைங்க சார்," என்றேன். நம்பினாரா தெரியவில்லை.

15-6-95, வியாழன்
தூறல். மதியம் மேசைக்கு ஒரு அம்மா. நாலு படி ஏறியதற்கே மூச்சு வாங்கியது. உதடு நீலம். பழனியம்மாள் என்று அவர் சொல்லும் முன்பே தெரிந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன்.

"ஊருக்குள்ள அவரைப் பாத்துச் சிரிக்கறாங்க சாமி. பொட்டப்புள்ளைக தைக்கறது உனக்கு வல்லியான்னு. எத்தன வருசமா மிசினோட்டுன மனுசன். ராத்திரி சோறு எறங்க மாட்டீங்குது."

டம்ளரை வாங்கி வைத்தேன்.

"கையெழுத்துப் போட்டாலும் அட்டை செல்லும்னு ஒரு வார்த்தை சொல்லீருங்க. நீங்க சொன்னா நம்புவாரு. வர்ற பணத்துல புள்ளையக் கட்டிக் குடுத்தர்லாம். நானெல்லாம் மெட்ராஸ் போய்ச் சேர மாட்டனுங்க."

"பொய் சொல்லச் சொல்றீங்களே?"

"ஆமாங்க. பொய்தான் சொல்லச் சொல்றேன்."

இத்தனை மாதத்தில் இந்த மேசையில் யாரும் இவ்வளவு நேராகப் பேசியதில்லை.

16-6-95, வெள்ளி
ரங்கசாமி வந்தார். "ரூல் மாறிப்போச்சு, அட்டை செல்லும்ங்கறா வீட்டுல. நெசமுங்களா?"

அந்த அம்மாவின் உதடு கண்ணுக்குள் நின்றது. மேனேஜரும் சொல்லச் சொன்னதுதான் இது. இரண்டு பேருக்கும் வேண்டிய ஒரே வார்த்தை.

"இல்லீங்க. செல்லாது," என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனார். செய்தது சரியா? சாப்பிடப் பிடிக்கவில்லை. தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

5-7-95, புதன்
மூன்றாம் சோதனை. ரங். தேறவில்லை. இந்த மாதக் கடைசியோடு ஸ்பின்னிங் ஆட்களின் பயிற்சியை முடித்துவிடுவதாக நோட்டீஸ் போட்டுவிட்டார்கள். அப்புறம் அவர்களில் யாரும் மில் ஆள் இல்லை. மெட்ராஸிலிருந்து இன்னும் தகவல் இல்லை.

கணக்குப் பார்த்தேன். அட்டை ஓடுகிற சில மாதத்துக்குள் முறை வந்தால் உண்டு. ஞாயிறு சர்ச்சில் அந்த அம்மா பேரைச் சொல்லி வேண்டிக்கொள்ள வேண்டும்.

11-7-95, செவ்வாய்
பழனியம்மாள் போய்விட்டார். நேற்று, துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது. கேண்டீனில் சொன்னார்கள். சேவூருக்குப் போனேன். வாசலில் சாமியானா, பக்கத்தில் சோளக்காடு. ரங்கசாமி என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். அவர் மகள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

24-7-95, திங்கள்
ரங்கசாமி மேசைக்கு வந்தார். மொட்டைத்தலை. உட்காரவில்லை.

"கடைசிச் சோதனை எப்பங்க?"

"வெள்ளிக்கிழமைங்க."

"சரிங்க."

முதலிபாளையம் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

28-7-95, வெள்ளி
மாஸ்டர் போன் செய்தார். "யம்மா, உங்க ஆளு பாஸு. ஒரு பிசிறு இல்ல. பார்க்க வந்த கம்பெனிக்காரங்க திங்கக்கிழமையே வரச் சொல்லிட்டாங்க. திடீர்னு எப்படித்தான் புத்தி வந்துச்சோ மனுசனுக்கு."

போனை வைத்துவிட்டு டாய்லெட்டில் போய் நின்றேன்.

31-7-95, திங்கள்
மழை இல்லை, புழுக்கம்.

மேனேஜருக்கு ஏக சந்தோஷம். அடுத்து பஞ்சைச் சீவும் கார்டிங் பகுதியையும் மூடப் போகிறார்கள். "இந்த வயசுல ரங்கசாமி கத்துக்கிட்டதை அவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க பிலோமினா. தைரியம் வரும்."

மேசைக்கு மறுபடியும் கூட்டம். முதல் ஆள் கார்டிங்கில் மிஷின் ஓட்டுகிற ஒருவர், பேர் கேட்கவில்லை.

"ரங்கசாமி பாஸாயிட்டானாமுங்களே. தட்டுத்தடுமாறித்தான் வந்தானாமா. நெசமா எத்தன நாள்லீங்க கத்துக்கிட்டான்?"

"முதல் மாசத்துலயே," என்றேன்.