லைசென்சு இல்லாத நாலு பெட்டி

17-10-1968
எல்லாத்தையும் முன்னாடியே சொன்னவன் நான். இந்தத் தீபாவளிக்குத் திருட்டுப் பட்டாசைப் போலீசு விடாது என்று டீக்கடையில் சொன்னேனா இல்லையா? நேற்று பிடித்துவிட்டார்கள். பிடிபட்டது என் தங்கச்சி மகன் குப்புராஜ். திருப்பாச்சூரில் அவன் மளிகைக்கடைக்கு நாலு ஜீப்பு, இருபது போலீசு. சரி, ஒரு ஜீப்பு. லைசென்சு இல்லாமல் வைத்திருந்த நாலு பெட்டி வெடி. சாட்சிக்கு ரெண்டு சரம் எடுத்துக்கொண்டு மீதியைத் தண்ணீர்ப் பீப்பாயில் முக்கிவிட்டார்களாம்.

தங்கச்சி லட்சுமியம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “சின்னக் கடைக்கு லைசென்சு வேணாம்னு இன்ஸ்பெக்டரே சொன்னாருன்னு நீதானேண்ணா சொன்னே? அதை நம்பித்தானே வாங்கி வெச்சான்?”

“சொன்னாருதாம்மே. ஒண்ணா நாஷ்டா துன்னுக்கினு இருக்கச்சொல்ல சொன்னாரு.”

19-10-1968
குப்புராஜ் ஜாமீனில் வந்தான். என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். “நீ இருக்கச்சொல்ல எனக்கின்னா பயம் மாமா?”

21-10-1968
தீபாவளி. என் பெண்சாதி போனதிலிருந்து தங்கச்சி வீட்டில்தான் இலை போடுவார்கள். இந்த வருஷம் கூப்பிட ஆள் வரவில்லை. நானே எண்ணெய் வைத்துக்கொண்டேன். முதுகுக்குக் கை எட்டவில்லை.

2-1-1969
குப்புராஜின் வக்கீலைப் பார்த்தேன். “பெரியவரே, இன்ஸ்பெக்டர் பேச்சை நம்பித்தான் வித்தான்னு நீங்க கூண்டிலேறிச் சொல்லணும். அபராதத்தோட விட்டாலும் விடுவாங்க. இல்லேன்னா ஜெயில்தான். இன்ஸ்பெக்டரும் வருவார், எதிரிலேயே கேப்பாங்க. எந்த ஓட்டல்ல வெச்சு சொன்னார்?”

ஓட்டல் பேர் சொன்னேன். அவர் கேட்காமலே எந்த மேசை என்றும் சொன்னேன். நானும் இன்ஸ்பெக்டரும் பொங்கல் சாப்பிட்டோம், அவர் இன்னொரு வடை கேட்டார் என்றேன். ஏன் சொன்னேன்?

9-1-1969
கோர்ட் டவாலி என் பேரை மூணு தரம் கூவினான். துளசிராமன்! துளசிராமன்! துளசிராமன்! — நான் சுவருக்கு அந்தாண்ட டீ கிளாசோட நின்னுக்கினு இருந்தேன். கால் வரல. இன்னா பண்றது, கால் வரல.

குப்புராஜுக்கு ஒரு மாசம் ஜெயில். வேனில் ஏறும்போதும் கழுத்தை நீட்டி நீட்டிக் கூட்டத்தில் யாரையோ தேடினான்.

14-1-1969
பொங்கல். சமைக்கவில்லை.

20-1-1969
இன்று தங்கச்சி வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

“தெரியும்ணா. உன்னாண்ட எந்த இன்ஸ்பெக்டரு குந்திக்கினு நாஷ்டா துன்னுவாரு? ஊருக்கே தெரியும். அவனாண்டயும் சொன்னேன், வேணான்டான்னு. ‘மாமா என்னாண்ட பொய் சொல்லாது’ன்னான்.”

குடிக்கத் தண்ணி கொடுத்தாள். உட்காரச் சொல்லவில்லை.

அந்த இன்ஸ்பெக்டரை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். சைக்கிளில் விளக்கு இல்லை என்று நிறுத்தினார். பேர் கேட்டார், திட்டினார், போகச் சொன்னார். லைசென்சைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது நானே சொன்னது.