உள்தாழ்ப்பாள்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். முதல் வரியிலேயே பொய் எதற்கு என்று விட்டுவிட்டேன். நேற்று உங்கள் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் வந்து என் மசாஜ் லைசென்ஸைச் சுவரிலிருந்து கழற்றி, பிரேமோடு பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

போனில் சொல்லியிருப்பேன். நீதான் லைசென்ஸ் பிரிவில் குமாஸ்தாவாக உட்கார்ந்துகொண்டு, "அக்கா, ஆபீஸ் விஷயமா போன் பண்ணாத, எதுவா இருந்தாலும் எழுத்துல குடு" என்று உபதேசம் செய்தவன் ஆயிற்றே. இதோ, எழுத்தில் கொடுக்கிறேன்.

காலை பதினோரு மணி. உள்ளே ஒரு பெண்ணுக்குக் கழுத்தில் மசாஜ் செய்துகொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. உள்ளே தாழ் போட்டிருந்தது. திறக்க நான்கு நிமிஷம் ஆயிற்று, அந்த நான்கையும் அவர் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொண்டார். அந்தப் பெண் போர்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். பெயர் கேட்டார். அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பதிவேட்டைத் திறந்தால் பதினோரு மணிக்கு நேராக வெற்றிடம்.

"என்னம்மா நடக்குது இங்க?" என்று கேட்டார். கேள்வியை விடு, அந்தத் தொனி இருக்கிறதே! பத்தொன்பது வருஷம் இந்தக் கையால் வேலை செய்திருக்கிறேன். மசாஜ் என்றாலே கண்ணடிக்கிறவர்களை எல்லாம் வாயடைத்து அனுப்பியிருக்கிறேன். நேற்று என் வாய்தான் அடைத்துப்போனது. மாடிப்படியில் வீட்டு ஓனர் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

உள்தாழ்ப்பாள் கூடாது என்ற விதி தெரியாதவள் இல்லை நான். அடுத்த தெருவில் ஒரு வாடிக்கையாளன் தாழைப் போட்டுக்கொண்டு, வேலை செய்கிற பெண்ணை வெளியே விடாமல் வைத்திருந்தானே, அப்போது இந்த விதி வேண்டும் என்று மனு எழுதி முதல் கையெழுத்துப் போட்டவளே நான். நானே மீறினேன். காரணம் இருந்தது.

ஏதாவது செய், தம்பி. உன்னை விட்டால் எனக்கு ஆளில்லை.

உன் அக்கா

---

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஊருக்கெல்லாம் சுளுக்கு எடுக்கிறவளுக்கே சுளுக்கு விழுந்தால் சிரிப்பதா, அழுவதா? கோபித்துக்கொள்ளாதே. இரண்டையும் செய்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நீ என் அக்கா என்பது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே உன் கோப்பில் நான் குறிப்பு எழுத முடியாது. ஆனால் கோப்பு என் மேசையைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். ஆகையால் சொல்கிறேன், கவனமாகக் கேள்.

விதி ஒன்பது: மசாஜ் அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கக் கூடாது. விதி பதினான்கு: வருகிறவர் பெயரும் நேரமும் பதிவேட்டில் ஏற வேண்டும், அந்தப் பதிவேடு மாதா மாதம் எங்கள் பிரிவுக்கு வர வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் மீறினால் என்ன அர்த்தம் எடுப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மருந்து ஒன்றுதான். அந்தப் பெண் யார் என்று ஒரு வரி எழுதி, அவளிடம் ஒரு கையெழுத்து வாங்கி அனுப்பு. எச்சரிக்கையோடு முடிந்துவிடும். 24ஆம் தேதி விசாரணை. அன்றைக்குள் பெயர் வராவிட்டால் லைசென்ஸ் ரத்து. மறுபடி விண்ணப்பிக்க ஐந்து வருஷம் ஆகும். உனக்கு இப்போதே ஐம்பத்தொன்று.

அப்படி யார் வீட்டு மகாராணி அவள், பெயரைச் சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா?

வீட்டில் பெண்டாட்டி சுகம். கழுத்தை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு திரிகிறாள். தலையணை சரியில்லையாம்.

உன் தம்பி

---

மார்ச் 10

அன்புள்ள தம்பிக்கு,

பெயரைச் சொல்ல முடியாது. சொல்லமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அவள் முதல் நாள் வந்தபோது தாழ்ப்பாளே கிடையாது. வேறொரு அம்மா அறை மாறிக் கதவைத் தள்ளிவிட்டாள். அவ்வளவுதான், இவள் பதறி மேசைக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டாள். வளர்ந்த பெண், தம்பி. வெளியே கூப்பிட அரை மணி நேரம் ஆயிற்று. "தாழ் போட்டாத்தான் துணிய எடுப்பேன்" என்றாள். எடுக்காமல் நான் எப்படிப் பார்ப்பது? நானே கடைக்குப் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கிவந்து, நானே திருகாணி போட்டு இறுக்கினேன்.

எட்டு நாளாக அறை மூடிக் கிடக்கிறது. கழுத்து பிடித்துக்கொண்ட பஸ் டிரைவர் தினமும் வந்து, "வாசல்ல வச்சே ரெண்டு நிமிஷம் பாத்து விடுங்களேன்" என்று நிற்கிறார். லைசென்ஸ் இல்லாமல் தொட்டால் அது வேறு குற்றம். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். ஓனர் இந்த மாதத்தோடு காலி செய்யச் சொல்லிவிட்டார். குடும்பங்கள் இருக்கிற இடமாம். எனக்குத் தூக்கம் போய்விட்டது, சாப்பாடு இறங்கவில்லை. இந்த வேலையைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. இதைப் பிடுங்கினால் நான் வெறும் ஆள்.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் வைக்க வேண்டும் என்பதும் உங்கள் விதிதானே? முன்புறம் பின்புறம் என்று மனித உருவம் அச்சிட்ட தாள். எங்கே வலி, எங்கே இறுக்கம், எங்கே தழும்பு, எங்கே கை வைக்கக் கூடாது என்று அதில் குறிக்கிறோம். மூன்று மாதத் தாள்கள், நாற்பத்திரண்டு, இத்துடன் அனுப்புகிறேன். பெயர்களின் மேல் காகிதம் ஒட்டியிருக்கிறேன். அந்தப் பதினோரு மணித் தாளும் இருக்கிறது, முப்பத்தேழாவது. அதில் ஆரம்பத்திலிருந்தே பெயர் எழுதவில்லை. உள்ளே நடந்தது வைத்தியமா வேறு ஏதாவதா என்று மேலே இருப்பவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

நீ எண்ணிப் பார்த்து, முத்திரை குத்தி, மேலே அனுப்பிவிடு. அது போதும்.

உன் அக்கா

---

மார்ச் 14

அக்கா,

நாற்பத்திரண்டு தாள்கள் வந்தன. எண்ணினேன். முப்பத்தேழாவது தாளைப் படிக்கவும் செய்தேன்.

வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே இரண்டு விரல் நீளத்துக்குத் தழும்பு, சிறு வயதில் விழுந்தது. இடது கை மோதிர விரல் கோணல். இந்த உடம்பை ஒன்பது வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெயர் வேறு வேண்டுமா எனக்கு?

பதினோரு இடத்தில் 'இங்கே அழுத்தக் கூடாது' என்று எழுதி, பக்கத்திலேயே 'பத்து நாள் பழையது', 'இரண்டு நாள்', 'நேற்று' என்று கணக்கும் போட்டிருக்கிறாய். யார் உனக்கு இந்த அதிகாரம் கொடுத்தார்கள்? குடும்பம் என்றால் ஆயிரம் இருக்கும். ஒரு தடவைகூடக் கை ஓங்காத வீடு எது, காட்டு. என் பெண்டாட்டியின் முதுகைப் படம் போட்டு என் ஆபீஸுக்கே அனுப்புகிறாய். நீ அக்காவா, யார் நீ?

இந்தத் தாள் இன்னும் மேலே போகவில்லை. உன் தாளைத் திரும்பப் பெறுவதாக நீயே ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. உள்தாழ்ப்பாள் அல்ல, கதவு பழுதாகித் திறக்க வரவில்லை என்று இன்ஸ்பெக்டர் ஒரு வரி சேர்த்துக்கொள்வார், அது என் பொறுப்பு. பதிவேட்டில் யார் பெயரையாவது போட்டுக்கொள்ளலாம். 24ஆம் தேதி லைசென்ஸோடு வீட்டுக்குப் போவாய்.

அவளிடம் நான் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது உன் கையில் இருக்கிறது.

தம்பி

---

மார்ச் 15

தம்பி,

ஒன்றும் கேட்காதே. அவளை ஒன்றும் செய்துவிடாதே. நீ சொன்ன கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். தாளை எடுத்துவிடு, கிழி, என்ன வேண்டுமானாலும் செய்.

அக்கா தம்பியின் காலில் விழக் கூடாது என்பார்கள். நான் விழுகிறேன். அவளாக என்னிடம் வரவில்லை. சந்தைத் தெருவில் கழுத்தைத் திருப்ப முடியாமல் நின்றாள், நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். கோபம் இருந்தால் என்மேல் காட்டு.

அவளுக்காக மட்டும்தான் கையெழுத்துப் போட்டேன் என்று எழுத ஆசை. லைசென்ஸுக்காகவும் கொஞ்சம் போட்டேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

உன் அக்கா

---

மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

என்ன இருந்தாலும் தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சரிதான். கடிதம் வந்தது. முப்பத்தேழு இப்போது கோப்பில் இல்லை. கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. உன் கை பட்டு வளர்ந்த பையன்தானே நான்?

இன்ஸ்பெக்டரிடம் பேசிவிட்டேன். நல்ல மனுஷன், அவருக்கும் முழங்கால் வலியாம். லைசென்ஸ் வந்ததும் ஒரு நாள் பார்த்து விடு. பிரேம் கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கிறது, புதிதாக மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன்.

கொடுத்த வாக்குப்படி அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இனி அவள் உன் பக்கம் வந்து உனக்குத் தொல்லை கொடுக்கமாட்டாள். சாமான்களை எல்லாம் நானே வாங்கிப் போட்டுவிடுகிறேன். ஆபீஸ் போகும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டுதான் போகிறேன். காலம் கெட்டுக் கிடக்கிறது.

24ஆம் தேதி பத்தரைக்கு வந்துவிடு. நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வா.

உன் அன்புத் தம்பி

---

மார்ச் 22

தம்பி,

இரண்டு நாளாக நீ தெருத் தெருவாக அலைவது எனக்குத் தெரியும். என் அறைக் கதவை உதைத்ததையும் ஓனர் சொன்னார். அவள் என்னிடம் இல்லை. எங்கே இருக்கிறாள் என்று எழுதமாட்டேன்.

உன் கடிதம் கிடைத்த மறுநாள் உன் வீட்டுக்குப் போனேன். வெளியே பூட்டு தொங்கியது. ஜன்னலில் கூப்பிட்டேன். "அண்ணி, சாவி அவர்கிட்ட இருக்கு. போயிடுங்க அண்ணி" என்றாள். ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பக்கூட முடியவில்லை அவளால். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

என்னிடம் இடுப்புவலிக்கு வருகிற பூட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். போய்க் கூட்டிவந்தேன். "உள்ள ஆள வச்சு வெளிய பூட்டியிருக்காங்களேம்மா, யாரு வீடு?" என்று கேட்டார். என் தம்பி வீடு என்றேன். பூட்டைத் திறந்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தம் வராமல் படியிறங்கிப் போனார். நான் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். நிஜம்தானாம், அவளும் சொன்னாள். ஒரு வார்த்தையும் கேட்காமல்தான் அடித்தாயாம்.

இந்த அடிக்கு நானும் காரணம். பெயர் எழுதாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்து, அந்த உடம்பைத் தெரிந்த ஒரே ஆளுக்கே தாளை அனுப்பினேன். நீ தாளை எண்ணுவாய், படிக்கமாட்டாய் என்று நம்பினேன். அதற்கு முன் மூன்று மாதம், அவள் முதுகைத் தொட்ட கையாலேயே உனக்கு வணக்கம் சொல்லிச் சிரித்துப் பேசியிருக்கிறேன். 'சொல்லாதீங்க அண்ணி' என்று அவள் கெஞ்சினாள் என்பது ஒரு சாக்கு. என் தம்பி அப்படிப்பட்டவன் என்று வாயால் சொல்ல எனக்குத்தான் தைரியம் இல்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

முப்பத்தேழாவது தாளை நீ என்ன செய்தாயோ தெரியாது. அதைத் திரும்பப் பெறுவதாக நான் எழுதியதை ரத்து செய்து, எதற்காக எழுதினேன் என்ற விவரத்தையும் சேர்த்து, உன் மேலதிகாரிக்கு இன்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். உன் கடிதங்கள் மூன்றின் நகலும் அதில் இருக்கின்றன. எதுவாக இருந்தாலும் எழுத்தில் கொடு என்றவன் நீ. அவளை டாக்டரிடம் காட்டினேன். டாக்டர் புதிதாக ஒரு தாள் நிரப்பிக் கொடுத்திருக்கிறார். இந்தத் தடவை பதினான்கு இடம்.

பதிவேட்டை அவள் முன்னால் வைத்தேன். பதினோரு மணிக்கு நேராக அவளே பெயர் எழுதி, பக்கத்தில் இன்றைய தேதியையும் போட்டாள். விரல் கோணல் என்பதால் நோட்டைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை, நான் பிடித்துக்கொண்டேன்.

என் லைசென்ஸ் போனாலும் போகும். தாழ்ப்பாள் போட்டது நான், கதவு பழுது என்று பொய் சொல்லமாட்டேன். ஐந்து வருஷம் கழித்து இந்தக் கையில் பலம் இருக்குமா, தெரியாது. போகட்டும்.

24ஆம் தேதி லீவு போட்டுவிடாதே. சாட்சியை அழைப்பது லைசென்ஸ் பிரிவு குமாஸ்தா என்று நோட்டீஸில் அச்சாகியிருக்கிறது. பத்தரைக்கு நாங்கள் இருவரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். பட்டியலில் ஒரே ஒரு பெயர். ஒன்பது வருஷமாக வீட்டில் நீ அவளை 'ஏய்' என்றுதான் கூப்பிடுகிறாயாம். அன்றைக்கு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடு.

அக்கா