என் சக்களத்தியைப் பார்க்கப் போகிறேன்

என் அன்புக் கப்பல்காரரே,

அடுத்த வாரம் மும்பையில் நானும் கப்பல் ஏறுகிறேன். நீங்கள் இருந்தபோது எத்தனை முறை கூப்பிட்டும் வராதவள்! நம் மகள் ரஞ்சனி டிக்கெட்டோடு வந்து நின்றாள். உல்லாசப் பயணமாம், அம்மாவும் பெண்ணுமாக.

எனக்குக் கடலைப் பிடிக்காது என்று உங்களுக்குத் தெரியும். பயமில்லை, பொறாமை. கல்யாணத்துக்கு முன்பே உங்களைப் பிடித்துவைத்திருந்த, நீங்கள் ‘அழகி’ என்று கொஞ்சிய சக்களத்தி அவள். அவள் காற்றுகூட வீசாத ஊராகப் பார்த்துத்தானே தூத்துக்குடியை விட்டு டெல்லி மோதி பாக் பள்ளிக்கு டீச்சராக வந்தேன்? அப்படியும் விடுமுறையில் வந்தால் மேஜையில் ஈரத்துணி விரித்துத்தான் சாப்பாட்டுத் தட்டை வைப்பீர்கள். கப்பல் ஆடினால் வழுக்காதாம். நம் ஜனக்புரி வீடு எங்கே ஆடியது?

பிரகதி மைதானத்தில் நடமாடும் கப்பல் விபத்து அருங்காட்சியகம் ஒன்றை இந்த மாதம் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நேற்று ரஞ்சனியை இழுத்துக்கொண்டு போனேன்.

“கப்பல்ல போறதுக்கு முன்னாடி யாராவது இதைப் பார்ப்பாங்களாம்மா? பயமாயிருக்கு, கேன்சல் பண்ணுன்னு சொல்லத்தானே வந்தே?”

பாதி உண்மைதான்; பயம் மட்டும் இல்லை. பந்தயத்தில் தோற்ற பிள்ளை, ஜெயித்தவள் ஏமாற்றி ஓடினாளா என்று பார்க்கும் அல்லவா? அப்படித்தான் அவள்மேல் குற்றம் தேடிப் போனேன். கிடைத்தது. நசுங்கிய மணி, உப்பேறிய ஒற்றைச் செருப்பு, கரையில் காத்து நிற்கும் பெண்களின் படம். ‘பார்த்தீர்களா உங்கள் அழகியை!’ என்று மனதுக்குள் உங்களிடம் சொன்னேன்.

அந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. நானும் அப்படித்தான் காத்திருந்தேன். ஆனால் அவள் என்னிடம் உங்களை ஒவ்வொரு முறையும் ஒரு கீறல் இல்லாமல் திருப்பி அனுப்பினாள். நான்? ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் என் பக்கத்தில் நின்று முருங்கைக்காய் பொறுக்கும்போதுதானே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள்? கை எட்டும் தூரத்தில் இருந்தேன். அவளால் முடிந்தது என்னால் ஏன் முடியவில்லை?

ரஞ்சனி தோளைத் தொட்டாள். “அச்சா, வேண்டாம்னா விட்டுடலாம்மா.”

“போவோம்டி. அவகிட்ட எனக்குப் பேச்சு இருக்கு.”

“சக்களத்தி சண்டையா? கப்பல்ல வேண்டாம்மா, கவுந்துடும்!”

சண்டை போடமாட்டேன், இது சத்தியம். முதல் நாள் சாப்பாட்டில் ஈரத்துணி விரித்து உங்களுக்கும் ஒரு தட்டு வைப்பேன். ‘பத்திரமாகப் பார்த்துக்கொண்டாய்’ என்று அவளுக்கு நன்றியும் சொல்வேன். அழகி என்று மட்டும் என் வாயால் சொல்லமாட்டேன். அதை எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் கரை வீட்டு மனைவி,
விசாலம்