சோரனின் எழுத்துக்கு ஒரு நம்பர்

பிளெய்ன்ஸ்பரோ,
மார்ச் 9, 2025

அன்புள்ள கண்ணு இனியனுக்கு,

கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். ஸ்டீயரிங் பிடித்த கைக்குப் பேனா இன்னும் பழகவில்லை. இவ்வளவு எழுதுவதற்குள் காபி ஆறிவிட்டது. ஆனாலும் பார், இந்த வயதில் உனக்கு நானே கடிதம் எழுதுகிறேன்! தமிழ்ப் பள்ளியில் உன் அக்கா மகள் வெண்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றது. "தாத்தா, புள்ளி எங்கே?" என்று அவள் இன்னும் அதட்டுகிறாள்.

எதிர் பிளாக் சோரனும் என்னைப் போலத்தான். ஜார்க்கண்டுக்காரர், தன் தாய்மொழி சந்தாலியின் எழுத்தை இப்போதுதான் கற்றார். டாடாநகருக்கு லாரி ஓட்டிய காலத்து இந்தியில் இருவரும் பேசிக்கொள்கிறோம். அவர்களுடைய 'ம', எதிரே நிற்பவரைக் கைநீட்டிக் காட்டும் ஆள் மாதிரி இருக்கிறதாம். அது இல்லாமல் 'நீ' என்று எழுத முடியாதாம். அவர் போனில் கட்டம் கட்டமாக வந்த எழுத்துகளை உங்கள் கம்பெனியின் மெசேஜ் ஆப்பில் நீ வரவழைத்தாய். "ஒவ்வொரு எழுத்துக்கும் உலகத்துக்கே பொதுவா ஒரு நம்பர் இருக்குப்பா, அதுலயே போட்டுட்டேன்" என்றாய். அதை அப்படியே அவரிடம் சொன்னேன். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஒரே குறை. ஊரிலிருக்கும் தங்கை பூல்மணிக்கு அந்த ஆப்பில் தினமும் எழுதுகிறார், பதிலே இல்லை. மனிதர் சரியாகச் சாப்பிடுவதில்லை. எழுத்து போய்ச் சேருகிறதா என்று பார்த்துச் சொல், சாமி.

உன் அப்பா,
கிட்டுசாமி


லிவர்மோர்,
மார்ச் 20, 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் எல்லாரிடமும் காட்டினேன்.

சோரன் அங்கிள் விஷயம். சரியான நம்பர்களில் போட நேரம் கிடைக்கவில்லை. டெமோவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதனால் இங்கிலீஷ் எழுத்துகளின் நம்பர்களிலேயே அவர் எழுத்துகளின் படத்தை ஒட்டினேன். எங்கள் ஆப்பில் அவருடைய 'ம' தெரியும். எங்கள் ஆப் இல்லாத போனுக்குப் போனால் வெறும் இங்கிலீஷ் 'எம்'தான். அப்புறம் சரிசெய்யலாம் என்றிருந்தேன். டெமோவில் அவர் போட்டோவைக் காட்டியபோது எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். எனக்கு ப்ரமோஷனும் வந்தது. இப்போது வெளியே தெரிந்தால் சிக்கல். தங்கச்சி போன் பழசு என்று அவரிடம் சொல்லிவிடுங்களேன், ப்ளீஸ்.

அன்புடன்,
இனியன்


பிளெய்ன்ஸ்பரோ,
ஏப்ரல் 2, 2025

இனியனுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கக் கை வரவில்லை.

உன் கடிதத்தை எழுத்துக்கூட்டி நானே வாசித்தேன். வாசிக்கத் தெரியாமலிருந்தால் உன் அக்கா வாசித்துச் சொல்லியிருப்பாள். பாதியை எனக்காக மறைத்திருப்பாள்.

தங்கை போன் பழசு என்று நான் சொல்லவில்லை. நீ எழுதியதை அப்படியே சோரனிடம் சொன்னேன். உடனே ஊரிலிருக்கும் தங்கை மகனைக் கூப்பிட்டார். அவன் சொன்னது இது. பூல்மணிக்கு இங்கிலீஷ் தெரியாது. அண்ணன் அமெரிக்கா போனதும் துரையாகிவிட்டான், நம் எழுத்து அவனுக்கு ஆகவில்லை என்று நினைத்துப் போனைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாளாம். இப்போது அண்ணன் கூப்பிட்டும் பேச வரவில்லை.

சோரன் கத்தவில்லை. "கிட்டு பாய், என் எழுத்தை உன் பையன் இங்கிலீஷ்காரன் வீட்டில் குடிவைத்துவிட்டானே" என்று சிரித்தார். என்னைக் கட்டிப்பிடித்த மனிதர் அதன்பிறகு பெஞ்சில் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

அவசரத்தில் செய்ததை மன்னித்திருப்பேன். ஆனால் போட்டுவிட்டேன் என்று என்னிடம் சொன்னாயே. நான் எழுத்து தெரியாதவன், எதைச் சொன்னாலும் நம்புவேன் என்றுதானே? வழியில் போர்டு வாசிக்கத் தெரியாமல் எத்தனையோ பேர் சொல்லை நம்பி வண்டியைத் திருப்பியவன் நான். ஒருவரும் என்னைத் தப்பான ஊருக்கு அனுப்பியதில்லை.

சோரனிடம் அந்த 'ம'வை எழுதக் கற்றுத்தரும்படி கேட்டிருக்கிறேன். முதலில் தயங்கினார், இப்போது கையைப் பிடித்து எழுதவைக்கிறார். நான் எழுதிய 'ம' உன்னைப் பார்த்துத்தான் கைநீட்டிக்கொண்டு நிற்கிறது, கோணலாக.

அடுத்த வாரம் கட்டாயம் கடிதம் எழுதுவேன். உனக்கு அல்ல, பூல்மணிக்கு. அவள் எழுத்தில், சோரன் சொல்லச் சொல்ல, காகிதத்தில், உன் அண்ணன் மாறவில்லை, தப்பு என் மகனுடையது என்று.

கிட்டுசாமி