சலீம் வேண்டாம் என்றபோது

நோன்பு மாதம், செவ்வாய் இரவு

தறாவீஹ் தொழுத பிறகும் மனம் அடங்கவில்லை.

இன்று மனநலக் கிளினிக்கில் புது மருந்து ஆய்வுக்கு ஆள் சேர்த்தேன். அக்கரைப்பற்றிலிருந்து சலீம் தன் மூத்த சகோதரரான காக்காவோடு வந்திருந்தார். விளக்கத் தாளை ஆறுதலாக, வரி வரியாக வாசித்தார். "வேணாம் மிஸ். இப்ப போடுற குளிசை எனக்கு ஒத்துவருது," என்றார்.

"அவனுக்கு இதெல்லாம் விளங்காது. நான் ஒப்பம் வைக்கிறன்," என்று காக்கா பேனையை எடுத்தார். நான் தடுக்கவில்லை.

சலீம் சத்தம் போடவில்லை. "காக்கா, விடியமுன்ன சஹர் சாப்பாட்டுக்கு என்னத் தட்டி எழுப்புறது நீங்கதானே? புத்தியில்லாதவனுக்கு நோன்பு கடமையில்லையே. நோன்புக்கு இருக்கிற புத்தி இதுக்கு மட்டும் எங்க போச்சு?"

காக்கா பேனையை வைத்துவிட்டார். சலீமுக்கு வழமையான குளிசையைக் கொடுத்து அனுப்பினேன்.

ஒன்றுதான் உறுத்துகிறது. சலீம் "ஓம், சம்மதம்" என்றிருந்தால், அவருக்கு விளங்கியதா என்று காக்கா யோசித்திருக்க மாட்டார். நானும்தான். காலையிலிருந்து ஓம் சொல்லி ஒப்பமிட்ட எல்லோரையும் நினைத்துப் பார்க்கிறேன். விளங்கியதா என்று ஒருவரிடமும் நான் கேட்கவில்லை.